வெள்ளி உப்பு காணாத மாலை

திண்டுக்கல்லில் ஊருக்குள் ஆறு கிடையாது. குடகனாறு ஊரை ஒதுக்கிவிட்டு வேடசந்தூர்ப் பக்கமாக வடக்கே போய் அமராவதியில் சேர்ந்துவிடுகிறது. எங்களுக்கு வாய்த்தது பாறையும் அதன் மேல் கோட்டையும்தான். ஆகவே காமிரா வைத்திருக்கும் திண்டுக்கல்காரன், மலைக்கோட்டையை எல்லாக் கோணத்திலும் எடுத்துத் தீர்த்தபின், மதுரைக்கு பஸ் ஏறுகிறான். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய் அவன் எடுப்பது பெரும்பாலும் ஒரே படம்: வைகையின் மேல் ஏ.வி. பாலம், மாலை வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில். பாலத்துக்குக் கிழக்கே ஆற்று மணலில் நின்றால் சூரியன் பாலத்துக்குப் பின்னால் இறங்குகிறது. வளைவுகள் கறுக்கின்றன, வானம் வெளுக்கிறது, கைப்பிடிச் சுவரோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் நிழலாகப் போகிறான். கண்காட்சியிலோ காலண்டரிலோ கவிதைத் தொகுதியின் அட்டையிலோ இதைப் பார்த்தவுடன் 'பழைய மதுரை' என்று மனம் சொல்லிவிடுகிறது.

இந்தப் 'பழைய' என்ற அடைமொழியைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பழைய மதுரையைக் காமிரா எப்படிப் பார்த்தது என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. அந்தச் சாட்சியம் நம் மாலைப் படத்தோடு ஒத்துப்போகவில்லை.

லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை ராணுவத்தில் கேப்டன். 1856-ல் சென்னை அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலும் சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக ஆக்கியவர் இவரே. மதுரைக் காட்சிகள் 1858-ல் தனித்தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றில் ஒரு படத்தின் விஷயம் வைகை ஆறும், அதன் குறுக்கே மதுரைக்குப் போகும் தரைப்பாலமும். ஏ.வி. பாலம் அப்போது இல்லை. வெள்ளம் வந்தால் முழுகுகிற, வடிந்தால் வண்டியும் மாடும் மனிதரும் போகிற தாழ்ந்த பாதை அது. நான் அறிந்தவரை மதுரை ஆற்றுக் கடவை ஒன்றைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காமிராச் சாட்சியங்களில் இது ஒன்று.

ட்ரைப் மாலைக்காகக் காத்திருந்திருக்க முடியாது. காரணம் ரசனை அல்ல, ரசாயனம். அவர் கையாண்டது மெழுகிட்ட காகிதமானாலும் உலர் கொலோடியன் பூசிய கண்ணாடியானாலும் அதில் வேலை செய்தது வெள்ளி உப்புதான். வெள்ளி உப்பின் இயல்பான கண் நீலத்தையும் ஊதாவையும் அதற்கப்பாலுள்ளதையும் மட்டுமே காணும். பச்சை அதற்கு மங்கல், மஞ்சள் கிட்டத்தட்ட இருள், சிவப்பு முழு இருள். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மேகம் அதில் கரைந்துபோகும். அதனால் ட்ரைப் தம் பர்மாப் படங்கள் பலவற்றின் நெகடிவில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். அந்த மேகங்களைப் பார்த்து 'ஆஹா, என்ன வானம்' என்று வியக்கிறவர் ஒரு கேப்டனின் கைவேலையை வியக்கிறார்.

மாலையில் இந்தக் கண்ணுக்கு என்ன நேர்கிறது? சூரியன் சரியச் சரிய வெளிச்சத்திலுள்ள நீலம் சிதறிக் குறைகிறது, செம்மை கூடுகிறது. நாம் எதை மாலை வெளிச்சம் என்று சொல்கிறோமோ, கல் வளைவின் மேல் பொன்னாக விழுகிறதே அது, வெள்ளி உப்புக்கு வெளிச்சமே இல்லை. வானில் மிச்சமிருக்கும் நீலத்தைக் கொண்டு ஒரு படம் எடுத்துவிடலாம்தான். ஆனால் மாலையின் சாரமான செம்மை அதில் ஒளியாக விழாது, கறுப்பாக விழும்.

வாசகர் ஆட்சேபிக்கலாம்: அந்தக் காலத்திலேயே அந்தி, நிலவு என்று படங்கள் வந்திருக்கின்றனவே? வந்திருக்கின்றன. மெழுகிட்ட காகித முறையைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1856-ல் எடுத்த கடற்படகுப் படம் நிலவொளிப் படம் என்றே புகழ் பெற்றது. உண்மையில் அது பகலில் எடுத்தது. சூரியனை நோக்கிக் காமிராவைத் திருப்பி, குறைந்த நேரமே பதியவிட்டு, பகலை இரவாக்கினார். வேறு படங்களில் வானத்துக்கு ஒரு நெகடிவும் கடலுக்கு ஒரு நெகடிவும் வைத்துச் சேர்த்து அச்சிட்டார். ஆக, கறுப்பு வெள்ளை அந்தியின் பிறப்பே ஒரு பாவனை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாவனையை ஞாபகம் என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் குறை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அன்று பதிவுக்கு நிமிஷக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அசைந்தது எதுவும் நிற்காது. கோபுரம் நிற்கும், மண்டபத் தூண் நிற்கும், தரைப்பாலம் நிற்கும். அதன் மேல் நடந்து போனவர்கள் புகையாகக்கூட மிஞ்சமாட்டார்கள். ட்ரைப்பின் படங்களில் பெரும்பாலும் ஆளில்லாமல் இருப்பதைப் பார்த்து அமைதி, தனிமை, காலாதீதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். மதுரை 1858-ல் காலாதீதமாக இருக்கவில்லை. ஜனங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காமிராவுக்கு அவர்களைப் பிடிக்கும் வேகம் இல்லை, அவ்வளவுதான்.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யான், அரசாங்கத்தின் நிதி நிலைமைக்கு இந்தப் புகைப்பட இலாகா ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி மூடச் சொன்னார். ட்ரைப்பின் முக்கியமான வேலை ஏறக்குறைய அதோடு முடிந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் கடக்காமல் விட முடியாது. 1875-ல் தென்னிந்திய ரயில்வே திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வந்தது. மதுரை ஸ்டேஷன் தென்கரையில் இருப்பதால் ரயிலுக்கு வைகை மேல் பாலம் போட்டாக வேண்டியிருந்தது. வண்டிமாட்டுக்கும் கால்நடையாகப் போகிறவனுக்கும் மேம்பட்ட பாலம் வர அதற்குப் பின் 14 ஆண்டுகள் ஆயின. இரண்டுக்கும் இடையில் வந்தது 1876-78 பஞ்சம், எங்கள் வழக்கில் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். இந்தச் சமவெளியும் தப்பவில்லை.

அந்தப் பஞ்சத்தைப் படமெடுத்தவர் வில்லபி வாலஸ் ஹூப்பர், இவரும் சென்னை ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும், படுத்திருக்கும் மனிதர்களின் படங்கள் அவை. அவற்றில் ஒவ்வொரு விலாவும் துல்லியம். ஏன் இவ்வளவு துல்லியம் என்று யோசித்தால் கிடைக்கிற பதில் சகிக்க முடியாதது: அவர்களிடம் அசையச் சக்தி இல்லை. நடந்து போன தமிழன் காமிராவில் விழவில்லை. நடக்க முடியாமல் போன பிறகு விழுந்தான். 1880-களில் ஜெலட்டின் உலர் தட்டு பரவி, கணத்தைப் பிடிக்கும் வேகம் வந்தது. அந்த வேகத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஓர் உதாரணமும் இதே ஹூப்பர்தான். 1886-ல் மாண்டலேயில் மரண தண்டனைகளைப் படமெடுத்தார். குண்டு பாயும் கணத்தைப் பிடிப்பதற்காகத் தண்டனையைத் தாமதப்படுத்தினார் என்ற புகார் லண்டன் வரை போய் விசாரணை நடந்தது.

அதே 1886-ல் வைகைப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1889-ல் திறந்து, விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரை வைத்தார்கள். அவர் மூன்றாம் ஆண்டே இறந்துபோனார். இன்று ஏ.வி. என்ற இரண்டு எழுத்துக்குள் ஓர் இளவரசர் ஒளிந்திருப்பது கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலம் வந்துவிட்டது. அதன் மாலையைப் பார்க்கும் கண் இன்னும் வரவில்லை. பெர்லினில் ஹெர்மான் வில்ஹெல்ம் ஃபோகல் 1873-ல் கண்டுபிடித்தது இது: வெள்ளி உப்போடு சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் மஞ்சளையும்கூட உணரத் தொடங்கும். படிப்படியாக அந்த உணர்வு சிவப்பை எட்டியது. எல்லா வண்ணத்துக்கும் கண் திறந்த பான்க்ரோமாட்டிக் தட்டை லண்டனில் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் கம்பெனி 1906-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதாவது ஏ.வி. பாலம் திறந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் அதன் மாலையை முழுதாகப் பார்க்கக்கூடிய தட்டு கடைக்கு வந்தது. நாம் எதை மிகப் பழசு என்று நினைக்கிறோமோ அது பாலத்தைவிட வயதில் சிறியது.

மாலை நேரப் பாலம் என்ற ரசனை எங்கிருந்து வந்தது? காமிராவுக்கு முன் ஓவியம் அதைக் கண்டுவிட்டது. விஸ்லர் 1870-களில் தேம்ஸ் நதியின் பழைய பாட்டர்ஸீ பாலத்தை நீலமும் பொன்னுமாக வரைந்தார். அதன் பின்னால் ஜப்பானிய மர அச்சுப் படங்கள் இருந்தன. ஃபோகலிடம் பெர்லினில் படித்தவர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பது தற்செயலான செய்தியாகத் தோன்றலாம். பனியிலும் இரவிலும் நியூயார்க்கை எடுக்க அவர் துணிந்ததற்கு ஆசிரியரின் ரசாயனம் பின்புலம். அவர் வட்டத்தைச் சேர்ந்த ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1909-ல் லண்டன் பற்றியும் 1910-ல் நியூயார்க் பற்றியும் படத்தொகுதிகள் போட்டார். இரு நகரப் பாலங்களும் மூட்டத்தில் கரைந்து நிற்கின்றன. நம் ஏ.வி. பாலத்துப் படம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, ட்ரைப்பின் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதன் பூர்வீகம் வைகை அல்ல, தேம்ஸ்.

தேம்ஸின் மூட்டத்தை வைகைக்குக் கொண்டுவருவதில் ஒரு ஸ்தூலமான சிக்கலும் இருக்கிறது. மதுரை 10-வது அட்சரேகைப் பக்கம் இருக்கிறது. சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்தபின் வெளிச்சம் 20 நிமிஷத்துக்குச் சற்று மேல் தாங்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அது இதைப்போல் இருமடங்கு. நீண்ட, முடிவெடுக்க முடியாத அந்தி என்பது அங்கத்திய அனுபவம். இங்கே மாலை வந்தது தெரியும், போனதும் தெரியும். தொல்காப்பியம் பொழுதுகளைப் பிரித்துக் கொடுத்தபோது மாலையை முல்லைக்கும், பொழுது சாய்கிற எற்பாட்டை நெய்தலுக்கும் வைத்தது. முல்லை மாலையின் உள்ளடக்கம் மங்கலான அழகு அல்ல. காத்திருத்தல், திரும்பி வருதல். ஒருவர் வருகிறாரா இல்லையா என்று பார்க்கும் நேரம். வருகிறவரின் முகம் தெரிய வேண்டிய நேரம்.

நவீன கவிதை பாலத்தை எடுத்துக்கொண்டபோது இதை உணர்ந்திருந்தது என்றே தோன்றுகிறது. எலியட் 'பாழ்நிலம்' கவிதையை 1922-ல் வெளியிட்டபோது லாய்ட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதில் லண்டன் பாலத்தைக் கடக்கும் கும்பல் விடிகாலையில் வேலைக்குப் போகும் கும்பல். மாலை பின்னால் வருகிறது, ஒரு டைப்பிஸ்ட் பெண் வீடு திரும்பும் நேரமாக. ஹார்ட் கிரேனின் 'பாலம்' 1930-ல் பாரிஸில் வெளியானபோது வாக்கர் எவன்ஸின் மூன்று சிறிய படங்கள் அதில் சேர்ந்தன. எவன்ஸுக்குக் கோபர்னின் மூட்டம் பிடிக்காது. கம்பியும் கல்லும் எப்படித் தாங்குகின்றன என்பதைப் பார்த்தார். அழகைத் தள்ளிவிட்டுத்தான் அவர் அழகை அடைந்தார்.

இங்கே ரகுபீர் சிங்கின் வாதத்தையும் சந்திக்க வேண்டும். 1998-ல் வந்த தம் புத்தகத்தின் முன்னுரையில் அவர் ஏறக்குறைய இப்படி வாதிட்டார்: கறுப்பு வெள்ளை மேற்கத்திய நவீனத்துவத்தின் குற்ற உணர்விலும் மரண பயத்திலும் பிறந்தது, இந்தியக் கண் வண்ணத்தில் வாழ்வது. வலுவான வாதம். ஆனால் திண்டுக்கல்லில் இருந்து பார்க்கும்போது அதில் பாதிதான் நிற்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களும் சாவுகளும் இரண்டு தலைமுறைக் காலம் கறுப்பு வெள்ளையில் ஸ்டுடியோக்காரர் எடுத்தவை. நீலகிரியில், உதகமண்டலத்தில், 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு ஆலை 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து கடைகளுக்கு அனுப்பியது. இந்து என்றால் நிலா. ஆலை மூடிப் பல காலமாகிறது. இருட்டறையில் தடவிப் பார்த்து பிலிம் பூசிய தொழிலாளிக்கும் அதை வாங்கிய ஸ்டுடியோக்காரருக்கும் கறுப்பு வெள்ளை குற்ற உணர்வு இல்லை, கட்டுப்படியான விலை. அது அந்நியமானது என்பதும் பிரமை, பழமையானது என்பதும் பிரமை. அது ஒரு கருவி. அதைக்கொண்டு எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம் என்பதே கேள்வி.

இப்போது போனில் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. போனின் கண் வண்ணத்தில்தான் பார்க்கிறது. எடுத்தபின் விரலால் தொட்டு வண்ணத்தைத் துடைக்கிறோம். ட்ரைப்புக்குக் கறுப்பு வெள்ளை விதி. 'இந்து' பிலிம் வாங்கியவருக்கு அது விலை. நமக்கு அது முழுக்க முழுக்கத் தேர்வு. மாலையில் பாலத்தைச் சூரியனுக்கு எதிரே வைத்துக் கறுப்பாக்குவதும் தேர்வு. அந்தத் தேர்வின் விளைவு என்ன? பாலத்தின் மேல் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். கூடை சுமக்கிற பெண், டியூஷன் போகும் பையன், வேலை முடிந்து கோரிப்பாளையம் திரும்பும் கடைச்சிப்பந்தி எல்லோரும் வெட்டி ஒட்டிய கறுப்புக் காகிதம். களைப்பு தெரியாது, வயது தெரியாது. 'வாழ்க்கைப் பயணம்' என்று தலைப்பு வைக்க வசதி.

நான் வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். அடையாளத்துக்காக ஜனங்கள் கொடுக்கும் ஜெராக்ஸ் நகல்கள் என் மேஜையில் குவிகின்றன. கறுத்த நிறமுள்ளவரின் படம் நகலாகும்போது முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கும். மூக்கில்லை, கண்ணில்லை. அடியில் சுய கையொப்பம் இருக்கும், 'இது நான்தான்' என்று. எதிரே நிற்கிறவரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துத்தான் நான் வேலையை முடிக்க வேண்டும். நிழலுருவப் படங்களை அழகு என்று யாராவது காட்டும்போது எனக்கு இந்த நகல்கள் ஞாபகம் வருகின்றன. இரண்டிலும் நடப்பது ஒன்றே. நகல் இயந்திரத்துக்கு அதற்கு மேல் தெரியாது. கலைஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் மாலையில் பாலத்தை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். ஏ.வி. பாலம் ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது. மணலில் இறங்காமல் பாலத்தின் மேலேயே போய், மேற்குக் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கிழக்கே பார்த்தால், கடந்து போகிறவர்களின் மேல் அந்தச் சாய்ந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. முகத்தின் ஒரு பாதி ஒளியில், மறு பாதி நிழலில். சூரியன் மறைந்த பிறகு வரும் அந்த இருபது நிமிஷத்தில் மேற்கு வானம் முழுவதும் ஒரு விளக்காகிறது. நிழலின் கடுமை தணிந்து, கறுத்த தோலில் எத்தனை சாயல்கள் உண்டோ அத்தனையும் தெரிகின்றன. 400 வேக பிலிமே அதற்குப் போதும், போன் தாராளமாகப் போதும். வெள்ளி உப்பு ஒரு காலத்தில் இருட்டாகக் கண்ட அதே செம்மையைத்தான் இன்றைய கண் சாம்பலின் நடுத்தர அடுக்குகளாக வாங்கிக்கொள்கிறது. கறுப்பு வெள்ளையின் சக்தி கறுப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை. இடைப்பட்ட இந்தச் சாம்பலில் இருக்கிறது. நிழலுருவம் முதலில் பலி கொடுப்பது அதைத்தான்.

இப்படி எடுத்த படத்தில் வளைவுகள் வராது. வானம் குறைவாக வரும். 'பழைய மதுரை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதே நல்லது. 1858-ல் தரைப்பாலத்தைக் கடந்தவர்கள் யாரென்று அந்தப் படத்திலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை; வெள்ளி உப்பு அதற்குப் பொறுப்பு. இன்று ஏ.வி. பாலத்தைக் கடக்கிறவர்கள் யாரென்று நம் படங்களிலிருந்து தெரியவில்லை என்றால் அதற்குப் பொறுப்பு சொல்ல ரசாயனம் இல்லை.